ஸஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?

எங்கள் பக்கத்தில் ஒரு முதியோர் விடுதியை எப்படிச் சோதிப்பார்கள் என்று சொல்கிறேன். நாலைந்து ஆண்கள் வேனில் வந்து இறங்குவார்கள். முன் மண்டபத்தில் கதிரைகள் போட்டிருக்கும். மண்டபத்துக்கும் பெண்கள் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். வந்தவர்கள் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ஸலாம் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து மெலிந்த குரல்கள் பதில் ஸலாம் சொல்லும். "உம்மாமார் எல்லாரும் சுகமா இரிக்கீங்களா?" என்று ஒருவர் கேட்பார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வரும். அவ்வளவுதான், சோதனை முடிந்தது. அதற்குப் பிறகு சாப்பாடு.

அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லை நாங்கள் நடக்கப் பழக முன்னமே பழகிவிடுகிறோம். காய்ச்சலில் கிடக்கிறவனைச் சுகமா என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வான். வள்ளம் கவிழ்ந்து வலையும் போய்க் கரைக்கு வந்தவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். அது படைத்தவனுக்குச் சொல்லுகிற நன்றி. அதை விடுதி நடத்துகிறவளுக்குக் கொடுத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டு போனார்கள் இந்த மனிதர்கள். அவர்களில் ஒருவருக்காவது வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பவில்லை. அவர்களும் முஸ்லிம்கள்தானே. அவர்களும் பல்வலியோடு அல்ஹம்துலில்லாஹ் சொன்னவர்கள்தானே.

அந்தத் திரைக்குப் பின்னால் என் ராத்தா கிடந்தாள். என் ஒரே மூத்த சகோதரி.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணோடு போகும். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருக்கிற வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்குப் போக வேண்டியதுதான். என் வீட்டை என் மகளுக்குக் கொடுத்தேன்; நான் பின்னறையில். ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. கட்டின மாப்பிள்ளை மௌத்தாகி அடங்கிய பிறகு என் பின்னறைக்கே வந்து சேர்ந்தாள். பாரிசவாதம் அடித்து இடப்பக்கம் விழுந்ததும் பின்னறையில் சக்கர நாற்காலி திரும்பவில்லை. மண்டபத்தில் கட்டில் போட்டோம். என் மருமகன் நல்ல பிள்ளை. ஆனாலும் மனைவியின் பெரியம்மா அவருக்கு மார்க்கப்படி அந்நியப் பெண். அதனால் தன்னுடைய சொந்த வீட்டுக்குள் நுழைய முன்னம் வாசலில் நின்று செருமுவார். ராத்தா நல்ல கையால் முக்காட்டைத் தேடுவாள். கைக்கு அகப்படாது. அவர் மறுபடியும் செருமுவார். ஒருநாள் கொட்டுகிற மழையில் நின்று செருமினார். அன்றைக்குத்தான் ராத்தா சொன்னாள்.

"என்னக் கொண்டு ஹோம்ல உடு புள்ள. அந்தப் புள்ள மழயில நனையிறதப் பாக்க ஏலா எனக்கு."

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பார்க்க விட்டார்கள். உள்ளே போக முடியாது. மற்றப் பெண்களின் பர்தாவுக்காக என்றார்கள். ராத்தாவைக் கழுவித் துடைத்து, அத்தர் தடவி, முன் மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். விடுதியை நடத்துகிற மேட்ரன் பக்கத்திலேயே இருப்பாள். வாரத்துக்கு வாரம் ராத்தாவின் கன்னத்து எலும்பு மேலே வந்துகொண்டிருந்தது. உதட்டில் எண்ணெய் மினுங்கும். எண்ணெய்க்குக் கீழே தோல் வயல் வெடித்த மாதிரி வெடித்திருக்கும்.

"ஏன் இவட சொண்டு இப்பிடிக் காஞ்சி கெடக்கு?" என்று கேட்டேன்.

"வயசாளிகள் தண்ணி குடிக்க மாட்டாங்க ராத்தா. எழும்பிப் போகணுமே எண்டு பஞ்சி," என்றாள் மேட்ரன். எல்லாரையும் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். தேன் வடியும்.

வீட்டில் சொன்னேன். மகள் சிரித்தாள். "உம்மா, நீங்க காஸ் சிலிண்டர நாலு தரம் முடுக்கிப் பாக்கிற ஆள். ஒங்களுக்கு எதப் பாத்தாலும் பயந்தானே."

உண்மை. நான் அப்படித்தான். கடல் கொஞ்சம் கூட இரைந்தால், சுனாமியோ என்று அடையாள அட்டையை எடுத்து மடியில் முடிகிறவள். எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தலும் காய்ச்சல் குளிசையும் பையில் இருக்கும், வழியில் யாருக்கு என்ன நடக்குமோ என்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் வேறு. படித்த ஒருவர் பயந்தால் அதற்குக் கருத்து என்று பெயர். நான் பயந்தால் விசர்.

அந்த வருடம் சோதனைக்கு ஒரு பெண்ணும் வரவேண்டும் என்று சமூக சேவை ஒபிஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். விடுதியின் நிர்வாக சபையில் இருந்த ஹாஜியார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பெரிய மனிதர், பள்ளியில் முன் வரிசையில் நிற்கிறவர்.

"டீச்சர்மாருக்கு லீவு இல்லயாம். நீங்க வாங்களன் புள்ள. உள்ளுக்க போய் ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தாக் காணும், அவ்வளவுதான். ஒங்கட ராத்தாவயும் கண்டமாதிரி."

"எனக்கு என்ன பாக்கிற எண்டு தெரியாதே ஹாஜியார்."

"ஒண்டும் பாக்கத் தேவல்ல. அதுக்குத்தானே ஒங்களக் கூப்பிர்ற."

இதைப் பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

வியாழக்கிழமை, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்திப் போனோம். ஒபிஸிலிருந்து வந்த உத்தியோகத்தர் காரைதீவுப் பக்கத்துத் தம்பி, இந்து. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு ஒரு ஓரக் கதிரையில் இருந்தார். குசினிப் பக்கத்திலிருந்து புரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஸலாம், வழக்கம்போல சுகமா, வழக்கம்போல அல்ஹம்துலில்லாஹ். பிறகு மேட்ரன் திரையை ஒரு சாண் விலக்கி என்னை உள்ளே எடுத்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி கட்டியதால், அங்கிருந்து பெண்களைப் பார்ப்பார்கள் என்று யன்னல் எல்லாவற்றையும் பலகை வைத்து அடித்திருந்தார்கள். கடல் இருநூறு மீற்றர் தூரத்தில் இருந்தும் ஒரு துளிக் காற்று இல்லை. பின்கதவில் வெளிப்பக்கமாக ஆமைப்பூட்டு. அதன் திறப்பு யாரிடம் என்று கேட்டேன்.

"அவர்ட கடயில," என்றாள் மேட்ரன். அவர் என்றது அவளைக் கட்டின மாப்பிள்ளையை. கடை மெயின் ரோட்டில்.

"தீ கீ புடிச்சா?"

"ஏன்கா, வரக்கொள்ளயே நெருப்பயும் கொண்டாறீங்க?" என்று சொல்லிச் சிரித்தாள். கட்டிலில் கிடந்த ஒன்றிரண்டு பேரும் அவளுக்காகச் சிரித்தார்கள். பயந்த பிள்ளைகள் வாத்தியாருக்காகச் சிரிக்கிற சிரிப்பு அது.

விரிப்புகள் எல்லாம் புதிது. கடையில் மடித்த மடிப்புக்கூடப் போகவில்லை. டெட்டோல் மணம் மூக்கில் அடித்தது. நான் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போனேன். என்னவோ இல்லை, என்னவோ இல்லை என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகுதான் பிடிபட்டது. எந்தத் தலைமாட்டிலும் ஒரு கோப்பை இல்லை. ஒரு ஜக் இல்லை.

"குடிக்கத் தண்ணி எங்க வெச்சிரிக்கிற?"

"இண்டைக்கு வியாழன்தானே ராத்தா. எல்லாரும் நோன்பு." குரலைத் தூக்கினாள், திரைக்கு அங்கால் கேட்கும்படி. "திங்களும் வியாழனும் எங்கட உம்மாமார் நோன்பு புடிக்கிற. ஒரு நாளும் உடமாட்டாங்க."

"மாஷா அல்லாஹ்!" என்று மண்டபத்திலிருந்து இரண்டு மூன்று குரல்கள் வந்தன. அதில் ஹாஜியாரின் குரல்தான் பெரிது. "இந்த வயசிலயும் கடமயில்லாத சுன்னத்தான நோன்பு. எங்களுக்கெல்லாம் வெக்கம்."

அவர்கள் புரியாணிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். நோன்பாளிகளுக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று யாரோ எழும்பித் திரையை நன்றாக இழுத்தும் விட்டார்கள். மரியாதை!

திங்கள், வியாழன் நோன்பு எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அதை ஏன் என்று கேட்க நான் யார். அந்த நினைப்போடு ராத்தாவின் கட்டிலடிக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். நாக்கால் உதட்டைத் தடவப் பார்த்தாள், நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லி எத்தனையோ வருடம். றமழான் வந்தால் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஏழைகளுக்குப் பித்யா அரிசி அளந்து கொடுப்பது நான்தான். றமழானுடைய கடமையான நோன்பையே பிடிக்க முடியாத மனிசிக்கு வியாழக்கிழமை நோன்பா?

"ராத்தா, நீ நோன்பா?"

அவள் மேட்ரனைப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

நான் குனிந்து காதுக்குள் கேட்டேன். "ஸஹருக்கு என்ன சாப்பிட்ட?"

நோன்பு பிடிக்கிற வீட்டில் விடியச் சுபஹுக்கு முன்னம் ஒருவர் எழும்பிச் சமைத்து, மற்றவர்களை எழுப்பி, சாப்பிட வைக்க வேண்டும். அதுதான் ஸஹர். சின்னப் பிள்ளைக்கும் நினைவிருக்கும், என்ன சாப்பிட்டோம் என்று. ராத்தா கண்ணைச் சுருக்கி யோசித்தாள்.

"ஸஹரா? ஆரு எழுப்பின?"

பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. கண் தெரியாத ஒரு மனிசி, ஒடிந்து விழுகிற உடம்பு, குரல் மட்டும் சந்தைக் குரல்.

"ஸஹராம் கா! நேத்துப் பொழுது பட்டு மஹ்ரிபுக்கு ஒரு கோப்பக் கஞ்சி தந்த. அதுக்குப் பொறகு பாங்குதான் வருது, சோறு வரல்ல."

"சும்மா கெடங்க உம்மா," என்றாள் மேட்ரன். "நோன்போட பொய் சொல்லாதீங்க."

"நான் எப்பகா நோன்பு? நீதான் சொல்ற நோன்பு எண்டு. தண்ணி குடிச்சா மூத்திரம் வரும், மூத்திரம் வந்தா பம்பஸ் மாத்தணும். நாங்க நோன்பு புடிச்சா ஒனக்குத்தாண்டி பெருநாள்."

நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன். ஸஹருக்கு என்ன சாப்பிட்டீங்க? தலையை ஆட்டினாள், ஒன்றும் இல்லை என்று. அடுத்த கட்டில். ஸஹருக்கு என்ன சாப்பிட்டீங்க? இண்டைக்கு என்ன கிழமை புள்ள, என்றாள் அவள். அடுத்த கட்டிலில் இருந்தவள் அழத் தொடங்கிவிட்டாள். என் குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே தெரியவில்லை. கடைசிக் கட்டிலில் கேட்டபோது கத்தியிருக்கிறேன்.

பையிலிருந்த போத்தலை எடுத்தேன். ராத்தாவின் தலையைத் தூக்கி வாயில் வைத்தேன். முதல் மிடறு வெளியே வழிந்தது. இரண்டாவதை விழுங்கினாள். பிறகு நல்ல கையால் போத்தலைப் பிடித்தாள் பாருங்கள், கைக்குழந்தை பிடிக்கிற மாதிரி. பறிக்கப் போகிறேனோ என்று.

"நோன்ப முறிக்கிறா!" மேட்ரன் கூக்குரல் வைத்தாள். "ஹாஜியார்! இவ எல்லார்ட நோன்பயும் முறிக்கிறா!"

"என்ன புள்ள நடக்குது அங்க?" ஹாஜியாரின் குரல் திரையில் வந்து மோதியது. "நோன்பாளிக்குத் தண்ணி குடுக்கிற? மார்க்கம் தெரியாதா?"

"ஒருத்தரும் ஸஹர் செய்யல்ல ஹாஜியார். ஒருத்தரும் மனசால நோன்பு எண்டு நிய்யத்து வைக்கல்ல. பட்டினி போட்டுட்டு நோன்பு எண்டு சொல்றா."

அதற்கு அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "சுன்னத்தான நோன்புக்கு ஸஹர் செய்யாட்டியும் நோன்பு கூடும். அதுவும் நோன்புதான்."

சட்டம் சொல்கிறார்! உள்ளே நாக்கு ஒட்டிக் கிடக்கிறது, வெளியே நின்று சட்டம் சொல்கிறார். என் உடம்பு நடுங்கியது. பயத்தில் நடுங்கிப் பழகின உடம்பு. கோபத்தில் நடுங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"கூடும் ஹாஜியார், கூடும்! புடிக்கிற ஆளுக்குத் தெரியணுந்தானே, தான் நோன்பு எண்டு!"

கண் தெரியாத மனிசி கட்டிலில் தட்டிச் சிரித்தாள். "எனக்கும் ஒரு வாய் தா புள்ள. ஹாஜியார்ட நோன்பு முறியாது."

போத்தல் முடிந்ததும் பைப்பில் நிரப்பி நிரப்பி எல்லோருக்கும் கொடுத்தேன். மேட்ரன் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, வேலைக்கு ஆள் தராமல் என்னை மட்டும் குற்றம் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். அதிலும் உண்மை இருந்திருக்கும். அத்தனை பேருக்கு அவளும் ஒரு சமையற்காரியும்தான். ஆனால் தண்ணீர் ஊற்ற எத்தனை ஆள் வேண்டும்?

ராத்தாவைச் சரித்துப் படுக்க வைக்கத் தூக்கினேன். புது விரிப்புக்குக் கீழே பிளாஸ்டிக் தாள். இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அளவு புண். அத்தரும் டெட்டோலும் எதற்கு என்று அப்போது விளங்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

வெளியே வந்தேன். உத்தியோகத்தர் தம்பி எழும்பி நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, எனக்கும் கேட்டது. ஆனா இது உங்கட சமய விசயம். நான் எப்பிடி அதுக்குள்ள கதைக்கிறது?"

"தம்பி, சமயத்த நாங்க பாத்துக்குவம். தண்ணி குடுக்கல்ல, படுக்கப் புண், கதவுக்கு வெளியால பூட்டு. இத நீங்க எழுதுங்க."

"இத ஊருக்குள்ள முடிப்பம்," என்று ஹாஜியார் அவருடைய தோளைத் தொட்டார். "வெளிய போனா எங்கட ஊருக்குத்தான் வெக்கம்."

அன்றைக்கு ஒருவரும் சாப்பிடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். சாப்பிட்டார்கள். அந்தத் தம்பி மட்டும் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. மற்றவர்கள் ஸஹனைச் சுற்றி இருந்து, ஒரே தாம்பாளத்தில் கை வைத்து, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். நான் வாசலில் நின்று மருமகனுக்குப் போனில் கோல் எடுத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓட்டோவோடு வந்தார். திரைக்கு முன்னால் வந்ததும் பழக்கத்தில் செருமினார்.

"செரும வேணாம் மகன். வாங்க," என்றேன். மற்றப் பெண்களைப் போர்த்திவிட்டுத் திரையை நானே தூக்கிப் பிடித்தேன். அவர் நிலத்தைப் பார்த்தபடியே வந்து ராத்தாவை இரண்டு கையாலும் தூக்கினார். "பாரமே இல்லயே மாமி," என்றார். ஓட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்றாம் நாள் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். தம்பி எழுதிவிட்டார் என்று விளங்கியது. ஹாஜியார் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பக்குவமாகச் சொன்னார். எனக்கு விசயம் விளங்காமல் பதறிப்போய்ச் சொன்னதாக ஒபிஸில் ஒரு சொல் சொல்லிவிட வேண்டுமாம். "நீங்க பயந்த சுபாவம் எண்டு ஊருக்கே தெரியுந்தானே."

"உள்ளுக்க வாங்க ஹாஜியார். ராத்தாட புண்ணப் பாருங்க. பாத்துட்டு என்ன சொல்லணும் எண்டு சொல்லுங்க, அப்பிடியே சொல்றன்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! அந்நியப் பொம்புள, நான் எப்பிடிப் பாக்கிற?"

"அப்ப பாக்காமத்தான் இவ்வளவு காலமும் நல்லா இரிக்கி எண்டு ஒப்பம் வெச்சீங்களா?"

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். என் மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ராத்தாவுக்காகத் தன் அறையையே விட்டுக் கொடுத்திருந்தாள். புண் ஆறிக்கொண்டு வருகிறது, மெல்ல மெல்ல.

ஊரில் எனக்குப் பெயர் வந்துவிட்டது, நோன்பை முறித்தவள் என்று. வரட்டும். விடுதிக்கு ஒபிஸிலிருந்து ஒரு தாதியை அனுப்பினார்கள். பின்கதவுப் பூட்டைக் கழற்றியாயிற்று. யன்னல் பலகையில் பாதியை எடுத்தார்கள். மீதிப் பாதிக்கு ஆள் வருமாம். மேட்ரன் அதே மேட்ரன்தான். அவளை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காதாம். ஹாஜியாரும் அதே ஹாஜியார், அதே முன் வரிசை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது. ராத்தா ஒருத்தியை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றவர்களைத் தூக்க எனக்கு வீடு இல்லை.

ஆகவே திங்களும் வியாழனும் லுஹர் நேரம் போகிறேன். மறிக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. கட்டில் கட்டிலாக நின்று, என்ன சாப்பாடு என்று கேட்கிறேன். போன வியாழன் கண் தெரியாத அந்த மனிசி மடியில் கோப்பையை வைத்துச் சோற்றை மீன் ஆணத்தோடு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆரு, நீயா? சோறு குழஞ்சி போச்சிகா. ஆணத்துல உப்பும் இல்ல. நேத்தும் இல்ல. அவளுக்கிட்டச் சொல்லு. சத்தமாச் சொல்லு."

சத்தமாகவே சொன்னேன். மேட்ரன் குசினியிலிருந்து உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து டக்கென்று கட்டில் சட்டத்தில் வைத்தாள். மனிசி விரலால் தடவித் தேடி, ஒரு சிட்டிகை எடுத்து ஆணத்தில் போட்டு, நக்கிப் பார்த்தாள்.

"புளிக்குத் தேசிக்காய் ஒண்டும் வேணும்," என்றாள்.